புதுப்பட்டை

செவ்வாய், வியாழன், சனி.
விடியற்காலை நாலே முக்காலுக்கு வேன் வரும்.
முன்பெல்லாம் இதே நேரத்துக்கு
நெற்றியில் விளக்கு மாட்டிக்கொண்டு
பன்னிரண்டாம் நம்பர் நிரைக்குப் போவேன்.
இப்போது அந்தக் காடு முழுக்கச் செம்பனை.
நான் போவது பகாவ் பட்டணத்துக்கு,
டயர்க் கடைக்குப் பக்கத்துக் கட்டடம்,
எட்டு நாற்காலி, எட்டு இயந்திரம்.

ஹஸ்லிண்டா தன் இரண்டு விரலை
என் இடது முழங்கைக்குக் கீழே வைப்பாள்.
நரம்பை நரம்போடு சேர்த்துத் தைத்த இடம்.
வீங்கி, முடிச்சு முடிச்சாய்,
தொட்டால் உறுமும், பூனைக்குட்டி மாதிரி.
"பாகுஸ், ஆன்ட்டி" என்பாள்.
உறுமினால் ஓடுகிறது என்று அர்த்தம்.
பிறகு இரண்டு ஊசி.
ஆணி என்றுதான் மனசுக்குள் சொல்லிக்கொள்வேன்,
அவ்வளவு பருமன்.

நாலு மணி நேரம்
என் ரத்தம் என்னை விட்டு வெளியே போய்
குழாயில் ஊர்ந்து, குளித்துவிட்டுத் திரும்பி வரும்.
பால் அப்படித் திரும்பி வந்ததே இல்லை.
மங்கில் விழுந்தது வாளிக்கு,
வாளியில் விழுந்தது ஸ்டோருக்கு.

புதுச் சாமியார் நல்ல பிள்ளை.
பூசை முடிந்து வீட்டுக்கே நன்மை கொண்டுவந்தார்.
"அம்மா, ஆண்டவர்தான் மரம் சீவுகிறவர்,
வலிக்கும்தான், ஆனால் பால் எடுக்கத்தானே" என்றார்.
என் வேலையை வைத்தே ஆறுதல் சொல்ல
வழியெல்லாம் யோசித்திருப்பார் போல.
மைலோ கலக்கிக் கொடுத்தேன். ஒன்றும் சொல்லவில்லை.

ஆனால் ஆண்டவரே,
முப்பத்தோரு வருஷம் மரம் சீவியவள் நான்.
சீவுகிறவளுக்கு என்ன நினைப்பு என்று
எனக்குத் தெரியாதா?
மழை வருமா. இன்றைக்கு எத்தனை கிலோ.
கொசு. சின்னவனுக்கு பஸ் காசு.
மரத்தை நினைத்தது
கத்தி ஆழமாய் இறங்கிக் கட்டையில் பட்டபோது மட்டும்.
அதுவும் மண்டோர் கூலியில் பிடிப்பானே என்று.
உம்மை அந்த இடத்தில் நிறுத்த
எனக்கு மனசு வரவில்லை.

ஐந்தாம் நாற்காலி ஆ கியோங்
எங்கள் இருவருக்கும் ஆகாத வாழைப்பழத்தைப் பற்றியே
பேசிப் பேசிச் சிரிப்பார்.
செத்தால் முதல் வேலை
ஒரு சீப்பு பீசாங் மாஸ் என்பார்.
அந்தச் சனிக்கிழமை நாற்காலி காலி.
ஹஸ்லிண்டா அவர் போர்வையை
மடித்து அதிலேயே வைத்திருந்தாள்.
செபமாலை என் கையில்தான் இருந்தது,
ஒரு மணி நகரவில்லை.
திட்டினேன். உம்மைத்தான்.
எங்கள் லயத்தில் குழாயடியில் திட்டுவோமே, அப்படி.

ஊசி பிடுங்கி, பஞ்சை அழுத்திக்கொண்டு
ரத்தம் நிற்கும்வரை
சும்மா உட்கார்ந்திருக்கையில் கையைப் பார்த்தேன்.
பழைய துளை, புதுத் துளை,
ஆறிய துளைமேல் இன்னொரு துளை.
இப்படி எத்தனை மரம் பார்த்திருக்கிறேன்.
இந்தப் பக்கம் சீவி முடித்தால் அந்தப் பக்கம்,
அது முடிவதற்குள் இங்கே
புதுப்பட்டை வந்திருக்கும்,
கரடுமுரடாய், மேடும் பள்ளமுமாய்.
பால் மட்டும் அதே வெள்ளை.

அப்போதுதான் உறைத்தது.
கல்லறையை விட்டு எழுந்தவர்
நினைத்திருந்தால் தோலை வழுவழுவென்று
ஆக்கிக்கொண்டு வந்திருக்கலாமே.
அத்தனை துளையோடும் வந்து நின்றீர்,
நம்பாதவன் விரலுக்கு விட்டுக்கொடுத்தீர்.
சீவுகிறவர் யாரென்று எனக்குத் தெரியாது.
நீர் என் நிரையில் நிற்கிறீர்,
எனக்கு அடுத்த மரமாய், இடுப்பில் மங்கு கட்டி.

செவ்வாய்க்கிழமை ஊசி அதே ஊசிதான்.
ஐந்தாம் நாற்காலிக்கு ரொம்பினிலிருந்து புதிதாய் ஒரு பையன்,
பயத்தில் உதடு வெளுத்திருந்தான்.
அவனிடம் வாழைப்பழக் கதையைச் சொன்னேன்.
ஹஸ்லிண்டா இரண்டு விரல் வைத்து
கண்ணை மூடி, விரலாலேயே கேட்டாள்.
உறுமியது.
ஏன் ஆன்ட்டி சிரிக்கிறீர்கள் என்றாள்.
தோமையாரை மலாயில் எப்படிச் சொல்வது?
ஒன்றுமில்லை, குத்து என்றேன்.